வெறும் பெட்டியையும் எழுதிய ஆல்வென் பிராசர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஃபிலிப்பா ஸ்கர்ம் அவர்களே! முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் ஆல்வென் அம்மையாரின் தம்பி எம்ரிஸ் அவர்களே, அவர் குடும்பத்தாரே! ஹெரிஃபர்ட்ஷயர் அந்துப்பூச்சிக் குழுவின் தோழர்களே! ஆல்வென் அம்மையாரின் டின்லி மருந்துக்கடையில் காலமெல்லாம் மருந்து வாங்கிப் பிழைத்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! கடைசி வரிசையில், கதவை ஒட்டி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தோதாக உட்கார்ந்திருக்கும் இட்ரிஸ் குவாட்கின் அவர்களே! உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

நான் ரோலண்ட் மெரெடித். தொழிலால் மாட்டு வைத்தியன். இந்த அந்துப்பூச்சிக் குழுவின் செயலாளர். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. என் பேச்சை இதுவரை பொறுமையாகக் கேட்டவை எல்லாம் கயிற்றில் கட்டப்பட்டிருந்தவை. நீங்கள் அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே சுருக்கமாகப் பேசப் பார்க்கிறேன்.

யாரை இழந்து நிற்கிறோம் நாம்? ஒரு மருந்துக்கடைக்காரரையா? ஒரு பூச்சிப் பைத்தியத்தையா? ஊரில் சிலர் அவரை அப்படிச் சொன்னதுண்டு, அவர் காதுபடவும் சொன்னதுண்டு. இல்லை, நண்பர்களே! இந்த மாவட்டத்தில் எது பறக்கிறது, எது பறப்பதை நிறுத்திவிட்டது என்பதைக் கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆளை இழந்து நிற்கிறோம். நம் மாவட்ட அந்துப்பூச்சிப் பதிவாளர் ஆல்வென் பிராசர் அம்மையாரை இழந்து நிற்கிறோம்!

மருந்துக்கடை வழியாக மட்டும் அவரை அறிந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாலையில் ஒரு பெட்டியின் மேல் வெளிச்சமான விளக்கை ஏற்றி வைப்போம். பெட்டிக்குள் முட்டை வாங்கி வரும் அட்டைகளை அடுக்கியிருப்போம். வெளிச்சத்துக்கு வரும் அந்துப்பூச்சிகள் உள்ளே இறங்கி, அந்த அட்டைக் குழிகளில் போய் ஒண்டிக்கொள்ளும். விடிந்ததும் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, இன்னது இத்தனை என்று எழுதிக்கொண்டு, செடி மறைவில் விட்டுவிடுவோம். ஒன்றுக்கும் சேதமில்லை. எங்களுக்குத்தான் தூக்கம் கெடும்.

எழுதியதெல்லாம் பதிவாகிவிடுமா? ஆகாது! பதிவாளர் ஒப்புக்கொண்டால்தான் பதிவு. ஆல்வென் அம்மையார் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். குழுவில் நான் சேர்ந்த புதிதில், இந்தப் பக்கம் கண்டிராத ஓர் அபூர்வ அந்து என் வீட்டுப் பெட்டியில் வந்து உட்கார்ந்தது. குதித்துக்கொண்டு அவருக்குத் தொலைபேசினேன்.

"டப்பாவுல போட்டு குளிர்பெட்டியில வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஜன்னல்கிட்ட வச்சுப் பாத்தேன், பறந்துபோச்சு."

"அப்ப உங்க பதிவும் கூடவே போயிருச்சு, ரோலண்ட். இனிமே பசுவைக் கட்டிப்போடுற மாதிரி இதையும் கொஞ்சம் கட்டிப்போடுங்க."

அவ்வளவுதான். தொலைபேசியை வைத்துவிட்டார். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இங்கே இருக்கும் குழுத் தோழர்களைக் கேட்கிறேன்: உங்களில் யாருடைய பதிவையாவது ஆல்வென் தள்ளாமல் விட்டிருக்கிறாரா? விட்டிருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். பார்த்தீர்களா? ஒரு கை இல்லை!

தள்ளுவதில் மட்டுமல்ல, கேட்டு வாங்குவதிலும் அவர் கறார். எதைக் கேட்டு வாங்கினார் தெரியுமா? ஒன்றுமே வராத இரவுகளைக் கேட்டு வாங்கினார். இதுதான், நண்பர்களே, இந்த அம்மையார் நம் மாவட்டத்துக்குச் செய்த பெரிய காரியம். எங்களுக்கெல்லாம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நல்லது வந்தால் எழுதுவோம். பெட்டி வெறுமையாகக் கிடந்தால் முகம் சுளித்து, தேநீர் குடித்துவிட்டு, வேலைக்குப் போய்விடுவோம். தோட்டப்புலி அந்து உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். சிவப்புப் பின்சிறகு, காப்பிக்கொட்டை நிறத்தில் கோடு போட்ட முன்சிறகு. அதன் கம்பளிப்புழுவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகாதவர் நம்மில் யார்? அந்தப் புலி நம் மாவட்டத்தில் நன்றாகவே இருக்கிறது என்றுதான் எங்கள் கணக்கு பல வருஷம் காட்டிக்கொண்டிருந்தது. ஆல்வென் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்.

"புலி வந்த அன்னைக்கு மட்டும் எழுதுறீங்க. வராத ராத்திரிய யாராச்சும் எழுதினீங்களா? வந்தத மட்டும் எழுதினா, அது எப்பவும் வந்துக்கிட்டே இருக்கிற மாதிரிதானே இருக்கும்? கடைசிப் புலி செத்த பிறகும் உங்க கணக்குல அது சுகமா இருக்கும்."

கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார்: "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கும்மா பேப்பர்?"

"ஒண்ணுமில்லங்கிறதும் ஒரு சேதிதான். வீட்டுக்குப் போய்ப் பாக்குறீங்க, ஆளக் காணோம்னா, அது உங்களுக்குச் சேதி இல்லையா?"

அன்றிலிருந்து எழுதினோம். முணுமுணுத்துக்கொண்டே எழுதினோம். பனியில் எழுதினோம், மழையில் எழுதினோம். வெள்ளிக்கிழமை தோறும் பெட்டி வைத்தோம், சனிக்கிழமை காலையில் வந்ததை எழுதினோம், வராததையும் எழுதினோம். சில வருஷத்தில் உண்மை தெரிந்தது. புலி தேய்ந்துகொண்டே வந்திருந்தது. தெற்கிலிருந்து சில புதிய அந்துகள் மேலேறி வந்திருந்தன. வந்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாங்கள் போனதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார்!

இனி நான் சொல்லப் போவது கோல்ட்வெல் பேரித்தோப்பின் கதை. இதைச் சொல்லலாமா என்று நேற்று இட்ரிஸிடம் கேட்டேன். "நடந்ததைச் சொல்லு. நடக்காதத ஒட்டவச்சு அழகு பண்ணாத" என்றார். இது ஆல்வென் பேச்சு, இட்ரிஸ் வாயிலிருந்து வந்தது.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் இட்ரிஸின் பேரித்தோப்பு. அதன் பேரிக்காய் மதுவைக் குடிக்காதவர் இந்த அறையில் போதகர் ஒருவர்தான் இருப்பார். போதகர் தலையை ஆட்டுகிறார். சரி, அவரும் இல்லை. அந்தத் தோப்பின் பெரிய மரங்கள், பட்டையெல்லாம் கல்பாசி படர்ந்து நிற்கும் மரங்கள். இட்ரிஸும் ஆல்வெனும் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர்கள். அந்தத் தோப்பில் முதல் பெட்டியை வைத்தது அவர்கள் இருவரும்தான். வெள்ளிக்கிழமை வந்தால் தோப்பில் பெட்டி, சனிக்கிழமை விடிந்தால் இருவரும் மண்டியிட்டு அட்டையைத் திருப்பிக்கொண்டே ஒருவரையொருவர் வைதுகொண்டிருப்பார்கள். பார்க்க ஆயிரம் கண் வேண்டும்.

அந்தத் தோப்பின் நடுவே புறவழிச்சாலை போடப் போகிறார்கள் என்று சேதி வந்தது. ஆட்சேபம் கேட்கும் பொது விசாரணைக்கு நாள் குறித்தார்கள். இட்ரிஸுக்கு இரவில் உறக்கம் போயிற்று. சாலையை எதிர்க்க எங்கள் கையில் என்ன இருந்தது? அபூர்வமான ஓர் உயிர் அந்தத் தோப்பில் வாழ்கிறது என்று காட்டினால் சாலை நகரும். இல்லையென்றால் மரம் விழும். வாரம் ஒரு பெட்டி போதாது, விசாரணை வரைக்கும் தினமும் வைப்போம் என்று ஆல்வெனே சொன்னார்.

ஜூன் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தோப்பில் இட்ரிஸ், ஆல்வென், நான், குழுவில் இன்னும் இரண்டு பேர். இட்ரிஸ் ஓர் அட்டையைத் திருப்பினார். குழிக்குள் ஒரு பச்சை அந்து! கல்பாசியைத் தின்று வளர்வது. கல்பாசியின் நிறமே அதற்கும். தெற்கே ஹாம்ப்ஷயர் காட்டுப் பக்கத்தில்தான் நாங்கள் அதைப் பார்த்திருந்தோம். நம் மாவட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெரிய மனிதர் இட்ரிஸ் தொப்பியை மேலே வீசினார். என்னைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்கு முத்தம் கொடுத்ததில்லை.

"மரம் பொழைச்சிருச்சுடா! ஆல்வென், பாத்தியா? மரம் பொழைச்சிருச்சு!"

ஆல்வென் அந்துவைப் பத்திரமாக டப்பாவில் இறக்கினார். பிறகு அந்த அட்டையைக் கையில் எடுத்தார். புரட்டினார். ஒரு குழியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். காய்ந்த பைன் ஊசியிலை ஒன்று. கோல்ட்வெல் பக்கத்தில் பைன் மரம் ஏது? ஒன்றும் கிடையாது.

"இந்த அட்டை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"உன் கார்லேருந்துதான். என் அட்டைய எலி கடிச்சிருச்சுன்னு நேத்து நீதானே எடுத்துக் குடுத்த?" என்றார் இட்ரிஸ், சிரித்துக்கொண்டே.

ஆல்வெனின் முகம் வெளுத்தது. முந்தின வாரக் கடைசியில்தான் அவர் ஹாம்ப்ஷயர் காட்டுக்குப் பெட்டி வைக்கப் போய் வந்திருந்தார். கிளம்பும்போது நல்ல மழை. அட்டைகளை ஒவ்வொன்றாக உதறாமல் அப்படியே காரில் அடுக்கிவிட்டார். போன இடத்தில் உதறாமல் அட்டையை எடுத்து வரக்கூடாது என்பது எங்களுக்கெல்லாம் அவர் சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன பாடம். மழையில் நனைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரே அதை மீறியிருந்தார்.

"இட்ரிஸ், இது இங்க பொறந்ததா இருக்காது. என் கார்ல ஏறி வந்திருக்கு."

"வந்திருக்குன்னு சத்தியம் பண்ணுவியா?"

"மாட்டேன். இங்கதான் பொறந்துச்சுன்னும் பண்ண மாட்டேன். எனக்குத் தெரியல. தெரியாதத எழுத முடியாது."

"எழுத வேண்டாம். நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும். மத்தத நான் பாத்துக்குறேன்."

"பதிவாளர் பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதா அர்த்தம். உனக்கே தெரியும்."

"அடேயப்பா, பெரிய நீதிபதியம்மா! ஒரு ஊசியிலைக்காக என் மரத்தையெல்லாம் வெட்டக் குடுக்கப் போறா. ஏண்டி, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"மரம் உன்னுது, தப்பு என்னுது. ஆனா பதிவு நம்ம ரெண்டு பேரோடதும் இல்ல, இட்ரிஸ். நாளைக்கும் பெட்டி வைப்போம். நாளான்னைக்கும் வைப்போம். புது அட்டை போடுவோம். அது இங்கதான் இருக்குன்னா மறுபடி வரும். ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும், நானே போய் உன் மரத்து முன்னாடி படுத்துக்குறேன்."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன். ஆல்வென் பிராசர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வைத்தோம். விசாரணை நாள்வரைக்கும் தினமும் வைத்தோம். ஒவ்வொரு காலையும் இட்ரிஸ்தான் அட்டையைத் திருப்பினார். எத்தனையோ அந்துகள் வந்தன. பழுப்பு வந்தது, சாம்பல் வந்தது, வெள்ளை வந்தது. பச்சை வரவில்லை. ஆல்வென் ஒவ்வொரு காலையும் எழுதினார்: வரவில்லை. வரவில்லை. வரவில்லை!

இதற்குள் குழுவில் யாரோ உளறிவிட்டார்கள். 'தோப்பைக் காக்க வந்த பச்சை அந்து' என்று பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்துவிட்டது. விசாரணை மண்டபத்தில் உட்கார இடமில்லை. பதிவாளரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும், அந்த அந்து தன் காரில் வந்திருக்கலாம் என்றும், அட்டையை உதறாமல் கொண்டு வந்தது தன் தவறு என்றும், ஆகவே அந்தப் பதிவைத் தானே தள்ளிவிட்டதாகவும் சொன்னார். யார் செய்வார்கள் இதை? சொல்லுங்கள், யார் செய்வார்கள்? வாயை மூடிக்கொண்டிருந்தால் மரமும் பிழைக்கும், சிநேகமும் பிழைக்கும், பெயரும் கெடாது. அப்படி இருக்கும்போது யார் எழுந்து நிற்பார்கள்?

சாலைத் தரப்பு வழக்கறிஞருக்குக் கொண்டாட்டம். "அப்ப, அம்மா, அந்த அபூர்வ அந்து உங்க கார்லதான் குடியிருக்குன்னு வச்சுக்கலாமா?" என்றார். மண்டபம் சிரித்தது.

"ரெண்டு நாள் குடியிருந்திருக்கலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க" என்றார் ஆல்வென், அசையாமல்.

சிரிப்பு அடங்கியதும் அவர் தோப்பின் பல வருஷக் கணக்கை எடுத்து வைத்தார். "இந்தத் தோப்புல அதிசயம் ஒண்ணும் இல்லைங்க. இங்க இருக்கிறதெல்லாம் சாதாரண அந்து. ஆனா மத்த இடத்துல இந்தச் சாதாரண அந்து குறைஞ்சுக்கிட்டே வருது. இங்க அவ்வளவா குறையல. வராத ராத்திரியும் இதுல இருக்கு, நீங்களே பாத்துக்குங்க. என்கிட்ட இருக்கிற சாட்சி இவ்வளவுதான்."

சாலை வந்தது, நண்பர்களே. தோப்பின் மேல்பாதியை எடுத்துக்கொண்டது. பெரிய மரங்கள் நின்ற பாதி அது. கீழ்ப்பாதியை விட்டுவிட்டார்கள். ஆல்வென் கொடுத்த கணக்கால் விட்டார்களா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. 'கணக்கால்தான்' என்று நான் இங்கே முழங்கினால் அழகாக இருக்கும். ஆனால் அவர் இருந்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பார்.

மரம் விழுந்த அன்று இட்ரிஸ் தோப்பின் வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். ஆல்வெனோடு பேச்சை நிறுத்தினார். பெட்டி வைப்பதையும் நிறுத்தினார். ஏழு வருஷம்! கடைத்தெருவில் எதிரே வந்தால் ஒருவர் அந்தப் பக்கம் போவார். மருந்து வேண்டுமென்றால் இட்ரிஸ் அடுத்த ஊருக்கு வண்டி எடுத்துக்கொண்டு போவார். இட்ரிஸ், நான் உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த மரங்களை நானும் பார்த்தவன். அவை விழுந்த சத்தத்தையும் கேட்டவன்.

ஆல்வென் என்ன செய்தார்? தோப்புக்குள் போக முடியாது. கணக்கு அறுந்துபோகவும் கூடாது. போதகரிடம் போய்க் கேட்டார். தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்கும் இட்ரிஸின் தோப்புக்கும் நடுவே ஒரே மதில். கல்லறைத் தோட்டத்தின் பக்கம், அந்த மதிலை ஒட்டிப் பெட்டியை வைத்தார். தேவாலயத்திலிருந்து கம்பி இழுத்து விளக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அந்த விளக்கு எரிந்தது. அதன் வெளிச்சம் நேரே இட்ரிஸின் படுக்கையறை ஜன்னலில் விழும். "செத்தவங்களையும் தூங்க விடுறதில்ல, என்னையும் தூங்க விடுறதில்ல" என்று அவர் மதுக்கடையில் சத்தம் போட்டது ஊருக்கெல்லாம் தெரியும்.

ஊருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எங்கள் விளக்குக்கு மழை ஆகாது. சூடேறிய விளக்கில் நாலு துளி பட்டால் வெடித்துவிடும். ஓர் இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமை, வானம் பார்த்து வைத்த பிறகு திடீரென்று கொட்டோ கொட்டென்று கொட்டியது. விடிந்ததும் ஆல்வென் பதறிக்கொண்டு ஓடினார். வழியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் நாலு குச்சி நட்டு, ஒரு தகரத்தைச் சாய்த்து, காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தது. பழைய தகரம். பேரிக்காய் பிழியும் கொட்டகையின் கூரையில் இருப்பது போன்ற தகரம்.

"யாரு வேலைன்னு தெரியுதா?" என்று சிரித்தேன் நான்.

ஆல்வென் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தகரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "நான் பாக்கல, ரோலண்ட். பாக்காதத எழுத மாட்டேன்" என்றார். ஆனால் அந்தத் தகரத்தை அவர் எடுக்கவே இல்லை. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு நெருக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசவில்லையே என்று கோபம் வருகிறதா? எனக்கு வந்தது. இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். மாடாக இருந்தால் கட்டியிருப்பேன்.

இந்தக் குளிர்காலம் ஆல்வெனைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையில் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் உடம்பைப் பற்றிப் பேச மாட்டார். "வெள்ளிக்கிழம யாரு வைக்கிறது?" என்றுதான் கேட்பார். நான் வைக்கிறேன் என்பேன். "அட்டைய உதறுங்க" என்பார். இரண்டு வாரத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, அவர் மூச்சு நின்றது. அமைதியாக நின்றது என்று எம்ரிஸ் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாவுச் சேதி சொல்வதும், எம்ரிஸுக்குத் துணையாக அலைவதுமாக அந்த நாள் போயிற்று. எங்கள் யாருக்கும் பெட்டி நினைவே இல்லை. சனிக்கிழமை காலையில் கண் விழித்ததும் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்துக் கணக்கு, அவர் போன மறுநாளே அறுந்துவிட்டதே! என்ன மனிதர்கள் நாம்! விழுந்தடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெட்டி பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு இட்ரிஸ் உட்கார்ந்திருந்தார். கோட்டின் மேலெல்லாம் பனி. ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடந்த தோப்பு வாசலின் சங்கிலி அவர் காலடியில் கிடந்தது. அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "வந்தா உக்காரு. திறக்கலாம்" என்றார்.

பெட்டியின் மேலே இருந்த ஓர் அட்டை பனியில் ஊறிப் பிய்ந்திருந்தது. மாற்றி வைக்கலாம் என்று நான் என் காரிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அதையே உற்றுப் பார்த்தார்.

"இந்த அட்டை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

நண்பர்களே! நீட்டிய அட்டையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவருக்கும் அந்தக் கேள்வி யாருடையது என்பது கேட்ட பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் கேள்விக்காகத்தான் ஏழு வருஷம் பேசாமல் இருந்தவர் அவர்!

பிறகு அட்டைகளைத் திருப்பினோம். அவர்தான் திருப்பினார். முதல் அட்டையில் ஒன்றுமில்லை. அடுத்ததில் ஒன்றுமில்லை. குளிர் அப்படி. கடைசி அட்டையையும் திருப்பி, குழி குழியாக விரலை விட்டுப் பார்த்து, அதை மெல்லத் தரையில் தட்டி உதறி வைத்தார். நான் பேனாவை எடுத்தேன்.

"எழுதிக்கோ" என்றார் இட்ரிஸ். "அந்து ஒண்ணும் வரல. ஆல்வெனும் வரல."

எழுதினேன். இரண்டையும் எழுதினேன்.

தலைவர் அவர்களே, அவையோரே! இறந்தவருக்கு நினைவுத் தூண் வைக்கலாம், மரம் நடலாம் என்றெல்லாம் யோசனை வந்திருக்கிறது. வையுங்கள், நடுங்கள். ஆனால் ஆல்வென் பிராசர் அம்மையாருக்கு நாம் செய்ய வேண்டியது வேறு. வந்ததை மட்டும் எழுதி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள மாட்டோம் என்று இங்கே உறுதி எடுப்போம். நமக்கு வேண்டியது என்பதற்காக ஒன்றை உண்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். நமக்கு வலிக்கிறது என்பதற்காக ஒன்றை எழுதாமல் விட மாட்டோம். புலி வந்தாலும் எழுதுவோம், வராவிட்டாலும் எழுதுவோம். மாவட்டப் பதிவாளர் பொறுப்பை ஏற்கக் குழு ஒருவரைக் கேட்டது. முடியாது, வயதாகிவிட்டது, உங்கள் பதிவையெல்லாம் தள்ளிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை என்று நேற்றுவரை மறுத்துக்கொண்டிருந்தார். இன்று காலையில் ஒப்புக்கொண்டார். அவர்தான் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போய்விடாதீர்கள், இட்ரிஸ். இதோ முடித்துவிட்டேன்.

வெளியே தேநீர் இருக்கிறது. கோல்ட்வெல் கீழ்ப்பாதித் தோப்பின் பேரிக்காய் மதுவும் இருக்கிறது. குடித்துவிட்டுப் போங்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ந்ததும் விளக்கு ஏற்றுவோம். மதிலுக்கு இந்தக் கல்லறைப் பக்கம் அல்ல, தோப்புக்குள். வாசல் திறந்திருக்கிறது. நாளைக் காலை யார் வேண்டுமானாலும் வரலாம். அட்டையை மட்டும் உதறிவிட்டுக் கொண்டு வாருங்கள்.